எட்டு பாட்டில் மாப்பிள்ளை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்துக்கும், அதில் வரும் பிழைகளுக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பிரிந்ததில் இரண்டு தரப்புக்கும் பெரிய வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் டயர் லீவரும் பஞ்சர் ஒட்டும் சொலூஷனும்தான். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது எனக்கு இன்றும் குத்துமதிப்பு. என் தாளைப் படித்து டைப் அடிக்கும் தங்கச்சி யாரென்று தெரியாது. புண்ணியவதி. இந்த வாரம் தாளில் கிரீஸ் கறையும் இருக்கும். பொறுத்துக்கொள் தாயே.

சில வாரமாகப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று கடைக்கு வந்த நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். என்ன செய்ய... வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்திருந்தது.

சாதாரண வரன் இல்லை. ராப் பாடகர்!

ராப் என்றால் தெரியாதவர்களுக்கு — கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் என் பஞ்சர் கடை இருக்கிறது. ஒரு நாள் வந்து உட்காருங்கள். செங்கல் டிராக்டர் வரும். டிராக்டரைவிடப் பெரியதாக இரண்டு ஸ்பீக்கர் வரும். அதிலிருந்து ஒரு ஆள் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே வருவார். யாரை? அதுதான் தெரியாது. அதுதான் ராப்.

எனக்கு வாய் கம்மி, காது ஜாஸ்தி. ட்யூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி காற்று முட்டை எங்கே வருகிறது என்று பார்க்கும் நேரமெல்லாம் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பாடுகிறவர் சிங்கம். மற்றவர்கள் எல்லாம் தூசி. அவருக்குக் கார் உண்டு, கழுத்தில் செயின் உண்டு, கையில் பாட்டில் உண்டு. ஒரு பெண் அவரை விட்டுப் போயிருப்பாள். போனதற்காக இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம் ஊர் முழுக்க அவர்மேல் பொறாமை!

இந்தப் பொறாமைதான் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் யாரோ பொறாமைப்படுகிறார்கள். அவ்வளவு பேர் பொறாமைப்படும் ஒரு ஆளை நான் கள்ளக்குறிச்சியில் பார்த்ததில்லை. உளுந்தூர்பேட்டை ஜங்ஷனில் நின்று பார்த்தாலும் கிடைக்க மாட்டார். இங்கே அவனவனுக்கு பஸ்ஸில் ஒரு சீட்டுக் கிடைத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படவே நேரம் சரியாக இருக்கிறது.

‘இந்தப் பாட்டு எங்கேயோ கஷ்டப்பட்ட ஜனங்க, தங்களோட கஷ்டத்தைச் சொல்லணும்னு ஆரம்பிச்சதுப்பா. இப்பவும் அப்டிப் பாடறவங்க இருக்காங்க’ என்று என் மகள் பவித்ரா சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டெல்லாம் எந்த டிராக்டரில் ஓடுகிறது? என் கடைப் பக்கம் வந்ததில்லை. என் கடைக்கு வருவது, பெரிய கம்பெனிகள் பெரிய செலவில் எடுத்து, எல்லாரும் ஆடுகிற பாட்டு. அதில் கஷ்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான். கேட்கிறவனுக்கு.

சரி, வரனுக்கு வருகிறேன்.

பவித்ரா நர்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. என் மனைவி செல்வியின் தம்பி முருகேசன் ஆனி மாத ஆரம்பத்தில் ஒரு சேதியோடு வந்தான்.

“மாமா, நல்ல எடம். கச்சிராயபாளையம். பையன் பேரு தினகரன். பால் சொசைட்டில வேல. ஒரே புள்ள. அம்மா மட்டும்தான்.”

“சரி மச்சான்…”

“இன்னொண்ணு. பையன் ஃபேமஸு. பாட்டு பாடறான். போன்ல போட்டீங்கன்னா வரும்.”

போனில் போட்டோம். வந்தது.

தினகரன் என்று வரவில்லை. ‘எரிமலை’ என்று வந்தது. கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மாட்டுச் சங்கிலி கனத்துக்கு ஒரு செயின், பின்னால் ஒரு கறுப்புக் கார். சுற்றிலும் பத்துப் பேர். எல்லார் கையிலும் பாட்டில்.

*சரக்கு சரக்கு என் ரத்தம் சரக்கு*
*ஊத்து ஊத்து விடியற வரைக்கும்*
*எட்டு பாட்டில் ஏத்துவோம்டா*
*எவன் வந்தாலும் சாத்துவோம்டா!*

செல்வி போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“இன்னாடா இது? எம்பொண்ணுக்கு இதான் கெடச்சுதா உனக்கு?”

“அக்கா, இது ஆர்ட்டுக்கா!”

“எட்டு பாட்டில் ஆர்ட்டா?”

மற்ற ஊரில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். எங்கள் ஊரில் முடியாது. சில வருடம் முன்னால் ஒரு ஆனி மாதம், கள்ளச்சாராயத்தில் செத்தவர்களுக்காகக் கருணாபுரத்துத் தெருக்களில் வரிசையாகப் பாடை நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். பவித்ரா அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்குப் போன இடத்தில் அவள் பார்த்ததை எங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிக்கப் போனால் நிலமா, வேலையா என்பதெல்லாம் ரெண்டாவது. குடிக்கிறாரா? அதுதான் முதல் கேள்வி.

“அவசரப்பட்டு வேணாம்னு சொல்ல வேணாம்பா. நேர்ல போயி விசாரிங்க” என்றாள் பவித்ரா. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. அதற்குள் பெண் பார்க்க வரச் சொல்வதா வேண்டாமா என்று பதில் சொல்ல வேண்டும்.

விசாரிக்க முறை ஒன்று இருக்கிறது. ரெண்டு பேர் போவோம். டீக்கடையில் உட்காருவோம். வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி பேச்சை எடுப்போம். எதைக் கேட்பது என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். எனக்கோ கூச்சம். புது ஆளிடம் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், நீ கேள் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டேன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எரிமலையின் பாட்டு மொத்தத்தையும் ஒன்று விடாமல் கேட்டேன். ஆள் தன்னைப் பற்றித் தன் வாயாலேயே சொல்கிறாரே! இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ட்யூப் வந்த அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். கார், நாலு. நீச்சல் குளம் வைத்த பங்களா. வீடியோவில் பனி மூடிய ஃபாரின் மலை. துப்பாக்கி. அவர்மேல் கேஸ்கள் — எத்தனை என்று அவர் சொல்லவில்லை. ‘கணக்கே இல்ல’ என்றுதான் பாடுகிறார். பெண்கள், அதற்கும் அதே பதில்தான். அப்புறம் தினமும் எட்டு பாட்டில்.

அட்டையைப் பார்த்த முருகேசனுக்கே முகம் வெளுத்துவிட்டது.

“மாமா… நான் பால் சொசைட்டின்னு மட்டுந்தான் கேள்விப்பட்டேன்.”

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். டீக்கடை. நான் அட்டையை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முருகேசனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“ஏங்க, இங்க தினகரன்னு ஒரு தம்பி…”

“ஆமா, நம்ம தினா. இன்னா வேணும்?”

“அவரு மேல எத்தினி கேஸுங்க இருக்குது?”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

“கேஸா? அவன் மேல கொசுகூட புகார் குடுக்காதுங்க.”

“துப்பாக்கி?”

“யோவ்… நீங்க போலீஸா?”

“இல்லீங்க. பொண்ணு வூடு.”

கடைக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். “பொண்ணு வூட்டுக்காரங்க நெலம் எத்தினி ஏக்கருன்னு கேட்டுப் பாத்துக்கறேன். துப்பாக்கி எத்தினின்னு கேக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. இருந்தாலும் முக்கியமான கேள்வி பாக்கி இருக்கிறதே. முருகேசன் குரலை இறக்கினான்.

“தண்ணி கிண்ணி…?”

சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்காரர் டம்ளரை எங்கள் முன்னால் வைத்துவிட்டுத் துணியால் பலகையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அத மட்டும் அவங்க வூட்ல போயி கேட்டுடாதீங்க” என்றார்.

போதாதா? கேட்கக் கூடாத அளவுக்கு என்றால் எட்டு பாட்டில் உண்மைதான். “திரும்பிடலாம் மச்சான்” என்றேன். முருகேசன் கேட்கவில்லை. வந்தது வந்தோம், வீட்டையாவது பார்த்துவிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனான். நீச்சல் குளம் வைத்த பங்களா அல்லவா!

ரெண்டு அறை ஓட்டு வீடு. வாசலில் பால் கேன்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அவருடைய அம்மா நூறு நாள் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். பெண் வீடு என்று முருகேசன் சொன்னதும் பதறிப்போய்ப் பாயை விரித்தார். தண்ணீர் கொடுத்தார். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. எனக்குக் கண்ணில் பட்டது. முருகேசனுக்கும் பட்டது. எனக்கு வாய் வராது. அவனுக்கு வாய் நிற்காது.

“மாப்பிள்ளையோட அப்பாவாங்க? எப்டி…?”

“கருணாபுரத்துல இருந்தோம்ண்ணா. லோடு எறக்கற வேல அவருக்கு. அந்தச் சாராயத்துல பூட்டாரு.”

சாதாரணமாகச் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய குரல்.

“அப்புறம் அங்க இருக்க முடியல. எங்கம்மா ஊரு இது. வந்துட்டோம். எம்புள்ள அன்னிலேர்ந்து அந்த நாத்தம் வந்தாலே வேற தெருவுல சுத்திக்கினு போவான்.”

முருகேசன் முதல் தடவையாக வாயை மூடினான்.

கொஞ்ச நேரத்தில் எரிமலை வந்தது. ஒரு பழைய மொபெட்டில், ரெண்டு பக்கமும் காலி கேன் தொங்க. எங்களைப் பார்த்ததும் கேனை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. என்னைவிடக் கூச்சப்படும் ஒரு ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். “வாங்க மாமா” என்று சொன்னது மொபெட்டைப் பார்த்து.

பஸ் ஏற்றிவிட எங்களோடு நடந்து வந்தார். முருகேசன் வேண்டுமென்றே முன்னால் போய்விட்டான். நான் அட்டையை எடுத்தேன். வாயால் கேட்க வராது. அப்படியே நீட்டினேன். அவர் படித்தார். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது.

“காரு?” என்றேன்.

“வாடகக் காரு மாமா. அண்ணன் ஒருத்தரு ஓட்டறாரு. சவாரி இல்லாத நேரம் பாத்து நிப்பாட்டிக்கினோம்.”

“நீச்சல் குளம்…”

“பம்புசெட் தொட்டி. கம்ப்யூட்டர்ல நீலமா மாத்திட்டாங்க.”

“அந்த ஃபாரின் மலை?”

“கல்வராயன் மலதான் மாமா. மார்கழில எடுத்தது. பனி இருந்துச்சு.”

“பாட்டில்ல…”

“பால் ஊத்தாத டீ.”

ஊருக்கே பால் அளக்கிற ஆள், பால் ஊற்றாத டீயைப் பாட்டிலில் அடைத்து ஆடியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாலை போட்ட அந்தப் படம் கண் முன்னாலேயே நின்றது. ஐம்பது வயதில் நான் ஒரு புது ஆளிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“அப்பா அப்டிப் போயிருக்காரு… அப்புறம் ஏன் தம்பி இந்தப் பாட்டு?”

“வேற இன்னா எழுதினாலும் ஓடல மாமா. சரக்குன்னு போட்டாத்தான் ஓடுது.”

“அப்பாவப் பத்தி எழுதினியா?”

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

“அதுக்கு யாரு மாமா ஆடுவாங்க?”

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டேன். “அம்மா பாட்டு கேட்டுதா?”

“அதுங்கிட்ட பட்டன் போனு மாமா. பாடறேன்னு தெரியும், இன்னா பாட்டுன்னு தெரியாது. சாமி பாட்டுன்னு நெனச்சிக்கினு இருக்குது.”

வீட்டுக்கு வந்து சொன்னோம். செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். “குடிக்க மாட்டாரு! அது போதும். வரச் சொல்லிடுங்க.”

எனக்கும் அதேதான். எட்டு பாட்டிலும் பொய், துப்பாக்கி பொய், பெண்கள் பொய். இவ்வளவு பொய் சொன்ன ஒரு ஆளைப் பார்த்து ஒரு குடும்பமே நிம்மதியடைந்தது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

பவித்ரா சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“குடிச்சிட்டு ஒளறியிருந்தாருன்னாகூட எனக்குப் புரியும்பா. தெளிவா இருந்துக்கினு, அப்பாவயும் அதுக்கே பறிகுடுத்துட்டு, இப்டிப் பாடறாரே. அது எப்டிப்பா முடியுது?”

“வயித்துப் பொழப்புடி” என்றாள் செல்வி.

“வயித்துப் பொழப்புக்குப் பால் சொசைட்டி இருக்குதும்மா.”

குடிக்கிற மாப்பிள்ளையை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும் — வேண்டாம் என்று சொல்ல வேண்டும். குடிக்காமலே குடிக்கச் சொல்கிற மாப்பிள்ளையை என்ன செய்வது? அதற்கு முறை எதுவும் இல்லையே...

வரட்டும், நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மாவும் மகனும் மட்டும். தலையில் எண்ணெய் வைத்து வழித்து வாரி, வெள்ளைச் சட்டையில் எரிமலை. செயின் இல்லை. கண்ணாடி இல்லை. பிஸ்கட்டை எடுப்பதா வேண்டாமா என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு கூச்சக்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் மின்விசிறிச் சத்தம்தான் பேச்சு.

அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் அவருடைய அம்மாதான் ஆரம்பித்தார்.

“எம்புள்ள நல்லா பாடுவாம்மா. ஊரெல்லாம் சொல்லுது. நான்தான் ஒரு நாளும் கேட்டதில்ல. டேய் தினா… ஒரு பாட்டு பாடேன்டா. நல்ல காரியத்துக்கு வந்துருக்கோம்.”

தினகரனுக்கு மூச்சு நின்றுவிட்டது. எனக்கும்.

“வேணாம்மா… தொண்ட கட்டிக்கினு இருக்குது.”

“காலைல நல்லாத்தான பேசினே?”

“பாடுங்க மாப்ள!” என்று முருகேசன் வேறு. அவன் வாயை அப்போது எதைக் கொண்டு அடைப்பது? பதினெட்டு பாட்டு வைத்திருக்கிற பாடகர். பெற்ற தாய் ஒரு பாட்டுக் கேட்கிறார். பதினெட்டில் ஒன்றைக்கூட அந்தத் தாய் முன்னால் பாட முடியாது. ஒரு வரி? அதுவும் கிடையாது. அவர் கண் மேலே போய் எதையோ தேடியது. பாவம், உள்ளே ஒவ்வொரு பாட்டாகப் புரட்டிப் பார்த்திருப்பார். எல்லாவற்றிலும் பாட்டில் உருண்டிருக்கும்.

பவித்ரா உள் அறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றுகிற பார்வை இல்லை அது.

கடைசியில் எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

*பாலு பாலு என் ரத்தம் பாலு*
*ஊத்து ஊத்து விடியற வரைக்கும்*
*எட்டு கேனு ஏத்துவோம்டா*
*எவன் வந்தாலும் ஊத்துவோம்டா!*

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. கை தட்டித் தாளம் போட்டார். “தெனமும் நாலு மணிக்கு எழுந்து கேன் தூக்கறான்ல. அதயே பாட்டா கட்டிட்டான் பாரு!” என்று செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள். பாட்டின் உயிரே சரக்குதான் என்றுதானே நினைத்தோம்? அதை உருவி எடுத்துவிட்டுப் பாலை ஊற்றினார். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு அசைவு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. நாளைக்கே சிமெண்ட் என்று போடலாம், தக்காளி என்று போடலாம். அதே ஆட்டம் ஆடுவார்கள். உள்ளே எதுவும் இல்லாத பாத்திரத்துக்கு இது ஒரு சௌகரியம். எதை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும்! அர்த்தமுள்ள பாட்டாக மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் வசமாக மாட்டியிருப்பார்.

இன்னொன்றும் கவனித்தேன். எட்டு கேன் தூக்குவது நிஜம். விடியும் வரை ஊற்றுவதும் நிஜம். வேறு வழியில்லாமல், பயத்தில், அவர் தன்னைப் பற்றி ஒரு உண்மையைப் பாடிவிட்டார்.

பவித்ரா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரிப்பு வேறு, சம்மதம் வேறு. எனக்கு அவளைத் தெரியும்.

இப்போதெல்லாம் ரெண்டு பேரையும் தனியாகப் பேச விடுகிறார்கள். பின்பக்கம் போர் பைப் அருகே நின்றார்கள். நான் நாற்காலி எடுக்கப் போனேன். உண்மையில் நாற்காலி எதுவும் தேவைப்படவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

“நீங்க குடிக்க மாட்டீங்கன்னு அப்பா சொன்னாரு.”

“சத்தியமாங்க.”

“உங்க பாட்டக் கேட்டுட்டுக் குடிக்கறவங்க?”

அவர் போர் பைப் பிடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அந்தப் பாட்ட எடுத்துடுவீங்களா?”

“அதான்… நல்லா போய்க்கினு இருக்குதுங்க. அது ஒண்ணுதான் ஓடுது.”

“சரி, எடுக்க வேணாம். நீங்களா எடுத்தாத்தான் எடுத்த மாதிரி. ஆனா அம்மா முன்னாடி பாடற மாதிரி ஒரே ஒரு பாட்டு எழுதிக்கினு வாங்க. சாமி பாட்டு வேணாம். உங்க பாட்டு. ஆடி முழுக்க டைம் இருக்குது. வரலன்னா நாம ரெண்டு பேரும் டைம் வேஸ்ட் பண்ண வேணாம்.”

அவர்கள் போனதும், விஷயம் தெரிந்து செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “நல்ல பையன்டி. பாட்டுக்காவ வரனத் தட்டி வுடுவியா? எவளாவது பாட்டு எழுதிக்கினு வான்னு சொல்லுவாளா?” பவித்ரா டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஆடி நகர்ந்தது. முதல் வாரம் ஒன்றும் இல்லை. ரெண்டாவது வாரம் முருகேசன் போனில் சொன்னான், மாப்பிள்ளை எழுதுகிறார், கிழிக்கிறார் என்று. “நாலு வரி எழுதினா அஞ்சாவது வரில தானா சிங்கம் வந்துடுதாம் மாமா!” மூன்றாவது வாரம் செல்வி வேறு ஜாதகம் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆடிப் பெருக்கு போனது. பவித்ரா எதுவும் கேட்கவில்லை. ஆனால் டூட்டி முடிந்து வந்ததும் முதலில் போனைத்தான் பார்த்தாள். அதையும் நான் பார்த்தேன். எட்டு பாட்டில் குடிக்கிற ஆளாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு தவிப்பு இருந்திருக்காது. அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆடி முடிந்தது. ஆவணியும் பிறந்துவிட்டது. பாட்டு வரவில்லை. செல்வி அந்த இன்னொரு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் கிளம்புகிற அளவுக்கு வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் கடையில் ஒரு லோடு ஆட்டோ டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மொபெட் வந்து நின்றது. தினகரன். கேன் இல்லை. சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்தார்.

“ரெண்டு நாள் தாண்டிப் போச்சு மாமா. காலைல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அவங்ககிட்ட ஒண்ணு குடுத்துட்டேன். இது உங்களுக்கு.”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; ஆனால் அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. சின்னச் சின்ன வரி.

*ஆஸ்பத்திரி வராண்டா*
*அப்பா வரல*
*கவர்ல போட்டுக் குடுத்தாங்க*
*நீல வாரு வச்ச செருப்பு*

இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

“அவ இன்னா சொன்னா?”

“படிச்சாங்க. மடிச்சு யூனிஃபார்ம் பாக்கெட்ல வச்சிக்கினாங்க. உள்ள போயிட்டாங்க. அப்புறம் திரும்பி வந்து, ‘அப்பாவப் போயி பாருங்க’ன்னாங்க.”

“அம்மாகிட்ட பாடினியா?”

“பாடினேன் மாமா. மொத்தமும் கேட்டுச்சு. அழுதுச்சு. அப்புறம், ‘வெறும் செருப்புன்னு சொல்லாதடா, நீல வாரு வச்சது, அத போடு’ன்னுச்சு. போட்டுட்டேன்.”

லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் திரும்பவில்லை. தாளை மடித்தேன். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஒரு பெண்ணைப் பெற்றவன் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

“இது ஓடுமா தம்பி?”

“ஓடாது மாமா.”

ராத்திரியே செல்வியிடம் சொல்லிவிட்டேன், ஐப்பசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லி.

எழுதியது: ஆவணி 3, கடை திறப்பதற்கு முன்.